லைம் நோயின் வரலாறு: மூட்டுவீக்கமும் நோயறிதலும்

லைம் நோய் என்பது உண்ணிக் கடியால் மனிதருக்குப் பரவும் ஒரு பாக்டீரியத் தொற்று ஆகும். பொரெலியா பர்க்டோர்ஃபெரி என்னும் சுருள் வடிவ பாக்டீரியம் இதற்கு முதன்மைக் காரணம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்ற சிற்றூரின் பெயரே இந்நோய்க்கு வைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சில வார மருந்தில் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைவர். கவனிக்காமல் விட்டால் மூட்டு, நரம்பு, இதயம் ஆகியவற்றைத் தாக்கக்கூடும். 1970களில் இந்நோயால் முழங்கால் வீங்கிய குழந்தைகள் பலர் முடக்குவாத நோயாளிகள் என்று கருதப்பட்டனர். அந்தத் தவறு எவ்வாறு திருத்தப்பட்டது, பரிசோதனை எப்போது உதவும், எப்போது உதவாது, எப்படிப்பட்ட மருத்துவரிடம் செல்வது நல்லது என்பவற்றை இக்கட்டுரை வரலாற்றின் வழியே விளக்குகிறது.

ஐரோப்பாவில் கிடைத்த முன்குறிப்புகள்

லைம் நோய் அமெரிக்காவில் பெயர் பெற்றாலும் அதன் அடையாளங்களை ஐரோப்பிய மருத்துவர்கள் மிக முன்னதாகவே எழுதி வைத்திருந்தனர். 1883 ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தில் உள்ளது) ஆல்ஃபிரட் புக்வால்ட் என்ற மருத்துவர், தோல் மெலிந்து சுருங்கும் ஒரு நாட்பட்ட நோயை விவரித்தார். அது இத்தொற்றின் பிந்தைய நிலை என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

1909 ஆம் ஆண்டில் சுவீடனின் தோல் மருத்துவர் ஆர்விட் அப்செலியஸ், உண்ணி கடித்த இடத்திலிருந்து வட்டமாகப் படர்ந்து செல்லும் செந்தடிப்பு ஒன்றைப் பற்றிக் கூறினார். இதற்கு எரித்திமா மைக்ரன்ஸ் என்று பெயர். தமிழில் படரும் செந்தடிப்பு எனலாம். 1922 இல் பிரான்சின் கரேன், புஜாது என்ற இரு மருத்துவர்கள், உண்ணிக் கடிக்குப் பின் ஏற்பட்ட நரம்புப் பாதிப்பை விவரித்தனர். 1948 இல் சுவீடனின் கார்ல் லென்ஹாஃப், இத்தடிப்பிலிருந்து எடுத்த தோலில் சுருள் வடிவ உயிரிகளைப் போன்ற ஏதோ ஒன்றைக் கண்டதாக எழுதினார். அதன் பின்னர் ஐரோப்பாவில் சிலர் இத்தடிப்புக்குப் பென்சிலின் கொடுத்துப் பயன் கண்டனர்.

ஆக, உண்ணி, தடிப்பு, நரம்பு நோய், பென்சிலினால் தீர்வு ஆகிய துண்டுகள் எல்லாம் தனித்தனியே தெரிந்திருந்தன. ஆனால் தோல் மருத்துவர் எழுதியதை நரம்பு மருத்துவர் படிக்கவில்லை. இருவர் எழுதியதையும் மூட்டு மருத்துவர் படிக்கவில்லை. 1970 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ருடால்ஃப் ஸ்கிரிமென்டி என்ற தோல் மருத்துவர், வேட்டைக்குச் சென்று உண்ணியால் கடிபட்ட ஒருவருக்கு இத்தடிப்பு வந்ததை அடையாளம் கண்டு, பென்சிலின் கொடுத்துக் குணப்படுத்தினார். ஐரோப்பியக் கட்டுரைகளை அவர் அறிந்திருந்ததே அதற்குக் காரணம். அச்செய்தியும் தோல் மருத்துவ இதழோடு நின்றுவிட்டது.

ஒரு தாயின் குறிப்புகள்

லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹாடம் ஆகிய மூன்றும் கனெக்டிகட் ஆற்றின் கிழக்குக் கரையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். வீடுகளை ஒட்டிக் காடு, காட்டில் மான்கள், புல்வெளிகளில் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஒரு காலத்தில் விளைநிலமாக இருந்த பகுதிகள் மீண்டும் காடாக வளர்ந்தபின், குறைந்து போயிருந்த மான்களும் திரும்பப் பெருகின. மான்களோடு உண்ணிகளும் பெருகின.

லைம் ஊரில் வாழ்ந்த பாலி மர்ரி என்ற ஓவியர் பல ஆண்டுகளாகக் காய்ச்சல், தடிப்பு, தலைவலி, மூட்டுவலி என்று மாறி மாறித் துன்பப்பட்டார். அவர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இதே போன்ற தொல்லைகள் வந்தன. அவர் பல மருத்துவர்களைப் பார்த்தார். வழக்கமான பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் துன்பம் மனத்தைச் சார்ந்தது என்று சொன்னவர்களும் உண்டு.

அவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. எந்த நாளில் யாருக்கு என்ன வந்தது என்பதைக் குறித்துக்கொண்டே வந்தார். அக்கம்பக்கத்தாரை விசாரித்தபோது பிள்ளைகளின் முழங்கால் வீங்கிய வீடுகள் வேறு பலவும் இருப்பதை அறிந்தார். மருத்துவர்கள் அப்பிள்ளைகளுக்குச் சொன்ன பெயர், சிறார் முடக்குவாதம். அந்த நோய் அரிதானது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது அன்று. அப்படியிருக்க ஒரே சாலையில் பல பிள்ளைகளுக்கு எப்படி வரும் என்பதே அவருடைய கேள்வி.

1975 ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மாநிலச் சுகாதாரத் துறையைத் தொலைபேசியில் அழைத்தார். ஓல்டு லைமைச் சேர்ந்த இன்னொரு தாயும் அதே காலத்தில் அதே முறையீட்டைச் செய்தார். தொலைபேசியை எடுத்த டேவிட் ஸ்னைட்மன் என்ற இளம் மருத்துவர் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டு நோய்ப் பயிற்சியில் இருந்த ஆலன் ஸ்டியரிடம் செய்தியைச் சேர்த்தார். ஸ்டியர் அதற்கு முன்பு தொற்றுநோய்ப் புலனாய்வில் பயிற்சி பெற்றவர். பாலி மர்ரி அவரைச் சந்தித்துத் தாம் திரட்டிய பெயர்ப் பட்டியலைக் கொடுத்தார். பின்னாளில் தம் அனுபவத்தை அவர் ஒரு நூலாகவும் எழுதினார்.

மூன்று ஊர்களின் கணக்கெடுப்பு

ஸ்டியரும், அவர் பிரிவின் தலைவர் ஸ்டீபன் மலாவிஸ்டாவும், உடன் பணியாற்றியவர்களும் மூன்று ஊர்களிலும் கணக்கெடுத்தனர். பெற்றோர், உள்ளூர் மருத்துவர், பள்ளிச் செவிலியர் ஆகியோரிடம் கேட்டறிந்தனர். எந்தப் பிள்ளை முழங்கால் வீங்கிப் பள்ளிக்கு வராமல் இருந்தது என்பதைப் பள்ளிச் செவிலியரே நன்கு அறிந்திருந்தனர்.

ஏறத்தாழ 12,000 பேர் வாழ்ந்த அம்மூன்று ஊர்களிலும் 51 பேருக்கு ஒரே மாதிரியான மூட்டுவீக்கம் கண்டறியப்பட்டது. அவர்களில் 39 பேர் குழந்தைகள். சிறார் முடக்குவாதம் வழக்கமாகக் காணப்படும் அளவைவிட இது பல மடங்கு அதிகம். கணக்கெடுப்பில் தெரியவந்த முக்கியச் செய்திகள்:

நோயாளிகள் ஊர் முழுவதும் பரவியிருக்கவில்லை. காட்டை ஒட்டிய சில சாலைகளில் கூடியிருந்தனர்.

பெரும்பாலோருக்குக் கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலும் நோய் தொடங்கியது.

ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்தபோதும் வெவ்வேறு ஆண்டுகளில் வந்தது உண்டு. ஆகவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவில்லை.

சுமார் கால்வாசிப் பேர், மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் வட்டமாகப் படர்ந்த ஒரு தடிப்பை நினைவுகூர்ந்தனர்.

கடைசிச் செய்தியே திறவுகோலாயிற்று. அந்தத் தடிப்பின் விவரிப்பு அப்செலியஸ் எழுதியதோடு பொருந்தியது. அதே காலத்தில் கனெக்டிகட் கடற்கரையிலுள்ள கிராட்டன் கடற்படைத் தளத்தின் மருத்துவர்களும் இத்தடிப்புடன் வந்த நால்வரைப் பற்றி எழுதியிருந்தனர். 1977 இல் ஸ்டியர் குழுவினர் தம் ஆய்வை வெளியிட்டு, நோய்க்கு லைம் மூட்டழற்சி என்று பெயரிட்டனர். நரம்பும் இதயமும் பாதிக்கப்படுவது தெரிந்தபின் லைம் நோய் என்ற பெயர் நிலைத்தது. ஆற்றின் மேற்குக் கரையைவிடக் கிழக்குக் கரையில் உண்ணியும் அதிகம், நோயாளிகளும் அதிகம் என்பது பின்னர் உறுதியானது.

உண்ணியின் குடலில் கிடைத்த விடை

காரணம் ஒரு வைரஸாக இருக்கலாம் என்று முதலில் ஐயுற்றனர். பல வைரஸ்களுக்குப் பரிசோதித்தும் எதுவும் அகப்படவில்லை.

விடை 1981 இல் வேறொரு வேலையின் நடுவே கிடைத்தது. மொன்டானா மாநிலத்தின் ஹாமில்டன் நகரிலுள்ள ராக்கி மலை ஆய்வகத்தில் வில்லி பர்க்டோர்ஃபர் பணியாற்றினார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்த அவர், மாணவப் பருவத்திலேயே உண்ணிகளுக்குள் வாழும் சுருள் பாக்டீரியங்களைப் பற்றி ஆராய்ந்தவர். வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடி, நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவில் பிடிக்கப்பட்ட உண்ணிகளை அவர் அறுத்துப் பார்த்தார். தேடியது கிடைக்கவில்லை. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட உண்ணிகளின் குடலில் மெல்லிய சுருள் பாக்டீரியங்கள் இருந்தன. இளமையில் படித்தது அவருக்கு அப்போது கைகொடுத்தது.

ஆலன் பார்பர் அந்தப் பாக்டீரியத்தை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தார். லைம் நோயாளிகளின் இரத்தம் அதனுடன் வினைபுரிந்தது. 1982 இல் இக்கண்டுபிடிப்பு வெளியானது. 1983 இல் நோயாளிகளின் உடலிலிருந்தே அதே பாக்டீரியம் பிரித்தெடுக்கப்பட்டது. 1984 இல் அதற்குப் பர்க்டோர்ஃபரின் பெயர் சூட்டப்பட்டது. ஐரோப்பாவில் இதன் நெருங்கிய உறவு இனங்கள் நோயை உண்டாக்குகின்றன. அவற்றில் ஒன்று அப்செலியஸின் பெயரையும், இன்னொன்று கரேனின் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

உண்ணி பிறக்கும்போதே இக்கிருமியுடன் பிறப்பதில்லை. வெள்ளைக்கால் சுண்டெலி முதலிய சிறு விலங்குகளின் இரத்தத்தைக் குடிக்கும்போது அதைப் பெறுகிறது. மனிதருக்கு அதிகமாக நோயைக் கொடுப்பது இளம் உண்ணி. அது கசகசா விதை அளவே இருக்கும், கடித்தால் வலிக்காது. கடிபட்டவர்களில் பலர் அதை அறியாமல் போவதற்கு இதுவே காரணம். அமெரிக்காவில் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலுக்குள் செல்கிறது. ஆகவே அன்றாடம் உடலைப் பார்த்து உண்ணியை அகற்றுவதே முதல் பாதுகாப்பு. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவதோ மண்ணெண்ணெய் ஊற்றுவதோ கூடாது.

லைம் மூட்டழற்சியும் முடக்குவாதமும்

லைம் மூட்டழற்சி பெரும்பாலும் ஒரு முழங்காலிலோ இரண்டிலோ வரும். வீக்கம் மிகுதியாக இருக்கும். ஆனால் வீக்கத்தைப் பார்த்தால் எதிர்பார்க்கும் அளவுக்கு வலி இருக்காது. சில வாரங்களில் வடிந்து, பின் மீண்டும் வரலாம். கடிபட்ட பிறகு வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து இது தோன்றும். பெரியவர்களின் முடக்குவாதமோ பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளிலும் ஒருசேர வந்து, காலையில் நெடுநேரம் விறைப்பை உண்டாக்கும்.

இந்த வேறுபாடு மருந்தையே மாற்றுகிறது. லைம் மூட்டழற்சிக்கு முதலில் தேவைப்படுவது நுண்ணுயிர்க்கொல்லி. வழக்கமாக நான்கு வாரம். முடக்குவாதத்திற்குத் தேவை, உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து. ஒன்றை மற்றொன்றாகக் கருதினால் இரண்டு பக்கமும் இழப்புதான். தொற்று உள்ள குழந்தை தீரக்கூடிய நோயோடு பல மாதம் நொண்டும். முடக்குவாதம் உள்ளவர் லைம் நோய்க்கு மருந்து உண்டுகொண்டிருக்கும் காலத்தில் மூட்டுகள் தேய்ந்து கோணும்.

பரிசோதனையும் அதன் காலமும்

லைம் நோய்க்கான இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். எனவே கடிபட்ட மறுநாள் ஓடிச்சென்று செய்யும் பரிசோதனையால் பயன் இல்லை. தடிப்பு தோன்றிய முதல் வாரங்களிலும் முடிவு இல்லை என்று வருவது மிகச் சாதாரணம். அந்த இல்லை என்பதற்கு நோய் இல்லை என்று பொருள் அன்று.

ஆகவே தொடக்க நிலையில் மருத்துவரின் கண்ணே பரிசோதனைக் கருவி. லைம் நோய் பரவியுள்ள இடத்தில் வாழ்பவருக்கோ சென்று வந்தவருக்கோ படரும் செந்தடிப்பு இருந்தால், இரத்த முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்க வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டல். பெரும்பாலும் டாக்சிசைக்ளின் 10 நாள், அல்லது அமாக்சிசிலின் 14 நாள் தரப்படுகிறது.

இத்தடிப்பு கடிபட்ட 3 முதல் 30 நாட்களுக்குள், பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காட்டினருக்கு வருகிறது. படங்களில் காட்டுவது போல வளையத்துக்குள் வளையமாக எப்போதும் இருக்காது. பல நேரங்களில் முழுவதும் ஒரே நிறமாகவே இருக்கும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பாகத் தெரியாமல், கன்றிப்போன இடம் போலத் தோன்றலாம். பாடநூற்படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை என்பதால், கறுத்த தோல் உடையவர்களுக்கு நோய் தாமதமாகக் கண்டறியப்படும் ஆபத்து உண்டு. தடிப்பைக் கண்ட அன்றே தேதியுடன் புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது.

மூட்டு வீங்கும் நிலைக்கு வந்தபின் கதை வேறு. அதற்குள் எதிர்ப்பொருள் நன்கு உருவாகியிருக்கும். லைம் மூட்டழற்சி உள்ள ஏறக்குறைய அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை ஆம் என்றே காட்டும். அந்நிலையில் இல்லை என்று வந்தால் வேறு காரணத்தைத் தேடுவதே முறை.

1980களில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறியது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1994 இல் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் ஒரு மாநாடு கூடியது. அங்குதான் இரண்டு படிப் பரிசோதனை வகுக்கப்பட்டது. முதலில் எலிசா, அது ஆம் என்றோ ஐயமாகவோ வந்தால் மட்டும் வெஸ்டர்ன் பிளாட். இரண்டும் ஆம் என்றால்தான் முடிவு ஆம். ஏனெனில் முடக்குவாதம், லூபஸ், மேகநோய் முதலியவற்றிலும் எலிசா பொய்யாக ஆம் காட்டுவது உண்டு. 2019 இல், இரண்டாம் படியிலும் எலிசா வகையையே பயன்படுத்தும் மாற்றுமுறைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் வழங்கியது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நோய் தீர்ந்தபின்னும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் இரத்தத்தில் இருக்கலாம். ஆகவே குணமாகிவிட்டதா என்று அறிய இப்பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் பொருள் இல்லை.

எதிர்த்திசையில் நிகழ்ந்த தவறு

பாலி மர்ரியின் காலத்தில் நோய் இருந்தும் இல்லை என்றனர். பின்னர் நோய் இல்லாதவர்களுக்கும் உண்டு என்று சொல்லும் நிலை வந்தது. ஸ்டியர் குழுவினர் 1993 இல் வெளியிட்ட ஆய்வில், லைம் நோய் என்று தம் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 788 பேரைக் கணக்கெடுத்தனர். 180 பேருக்கு மட்டுமே அப்போது லைம் நோய் இருந்தது. 156 பேருக்கு முன்பு வந்து போயிருந்தது; அப்போதைய தொல்லைக்குக் காரணம் வேறு. மீதி 452 பேருக்கு லைம் நோய் வரவே இல்லை.

உரிய சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்குக் களைப்பும் வலியும் மாதக்கணக்கில் நீடிப்பது உண்மை. அது கற்பனை அன்று. ஆனால் அதற்கு மேலும் மேலும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதால் பயன் உண்டா என்று 2001 இல் அமெரிக்காவிலும் 2016 இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகள், நிலையான பயன் எதையும் காணவில்லை. நரம்பு வழியே மாதக்கணக்கில் மருந்து செலுத்தியதால் கடும் தொற்று ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 இல் பதிவு செய்தது. துன்பத்தை மறுக்கும் மருத்துவரிடம் மனம் வெறுத்தவர்களே இத்தகைய சிகிச்சைகளை நாடிச் செல்கின்றனர் என்பதை மருத்துவ உலகமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்

இவ்வரலாற்றிலிருந்து நோயாளியும் பெற்றோரும் எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. தடிப்புக்கு முதலில் குடும்ப மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவர் போதும். பெரிய நிபுணரிடம் முன்பதிவு கிடைக்கும்வரை காத்திருப்பதில் நாள் வீணாகும். மூட்டு வீங்கினால் மூட்டுநோய் நிபுணரும், முகம் ஒருபக்கம் கோணினால் நரம்பியல் மருத்துவரும், மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் உடனே மருத்துவமனையும் தேவை.

நல்ல மருத்துவர் எங்கே வாழ்கிறீர்கள், எங்கே சென்றீர்கள், எந்த மாதம் தொடங்கியது என்று கேட்பார். ஆடை மறைத்த இடங்களையும் பார்ப்பார். பரிசோதனையை ஏன் இப்போது செய்கிறோம், அல்லது ஏன் செய்யவில்லை என்று விளக்குவார். முதல் முடிவு இல்லை என்று வந்தும் ஐயம் நீங்காவிட்டால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார். லைம் நோய் அன்று என்று தெரிந்தால் அத்தோடு கைவிடாமல், வேறு என்ன என்று தேடுவார். ஒப்புதல் பெறாத சிறுநீர்ப் பரிசோதனையை நம்பச் சொல்பவரையும், எல்லா வலிக்கும் லைம் என்பவரையும், முடிவு தேதி சொல்லாமல் மருந்தை நீட்டிப்பவரையும் தவிர்ப்பது நலம்.

நோயாளியின் பங்கும் உண்டு. தேதி, தடிப்பின் படம், வீங்கிய மூட்டு, உண்ட மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனால், மருத்துவரின் பத்து நிமிடம் பயனுள்ளதாகும்.

தமிழ் வாசகர்களுக்கு

இந்தியாவில் லைம் நோய் அரிதாகவே பதிவாகியுள்ளது. தமிழ்நாட்டில் காய்ச்சலுடன் மூட்டுவலி என்றால் சிக்குன்குனியா முதலியவற்றையே முதலில் எண்ண வேண்டும். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதப்படுவது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் வேறு நோய்; அதன் கிருமியும் வேறு.

எனினும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் சென்று, மாலையில் புல்வெளி ஓரம் நடந்து, ஊர் திரும்பும் பெற்றோரும் உண்டு. திரும்பி வந்தபின் முழங்கால் வீங்கினால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், எந்த ஊரில் எந்த மாதம் தங்கியிருந்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பாலி மர்ரி 2019 இல் காலமானார். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். கண்டதைக் குறித்து வைத்தார். கேட்பவர் கிடைக்கும்வரை சொன்னார். அதனால்தான் அந்தப் பிள்ளைகளின் நோய்க்குச் சரியான பெயரும் மருந்தும் கிடைத்தன.